கார் நொறுங்கிப் போச்சு, ஏர்பேக் ஏன் திறக்கல? பதில் இருக்கும் பெட்டியைத் திறக்கும் உரிமை யாருக்கு?

விபத்து நடந்த அரை மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, என்.ஹெச். 744-ல் ஏதோ ஒரு லாரியின் பின்பக்கத்தில் செருகி நிற்கும் கார். பானெட் மடங்கியிருக்கும், முன் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருக்கும். படத்தை ஜூம் பண்ணிப் பார்ப்பவர்கள் தேடுவது ஒன்றைத்தான். ஸ்டீயரிங்கில் வெள்ளைப் பை தொங்குகிறதா? இல்லை என்றால் அடுத்த மெசேஜ் ரெடி: "பத்து லட்சம் குடுத்து வாங்குன வண்டி, ஏர்பேக் கூட ஓப்பன் ஆகல பாருங்க!"

கோபம் நியாயமானதுதான். ஆனால் எல்லா விபத்துக்கும் அதே பதில் கிடையாது. சில விபத்துகளில் ஏர்பேக் திறக்காமல் இருந்ததுதான் சரி. சிலவற்றில் வண்டிக்காரரே ஆக்சசரீஸ் கடையில் காசு கொடுத்து அதைக் கெடுத்து வைத்திருப்பார். சிலவற்றில் உண்மையிலேயே கம்பெனி மீதுதான் தப்பு. இந்த மூன்றில் எது என்று சொல்லக்கூடிய தகவல், பெரும்பாலான புது கார்களில் கியர் லீவருக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் பதிவாகிறது. அந்தப் பெட்டி யாருடையது என்பதுதான் உண்மையான சண்டை. அந்தச் சண்டையை இங்கே யாரும் இன்னும் சரியாகப் போடவில்லை.

உள்ளே இருப்பது காற்று அல்ல, வெடி

சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது ஈஸி. ஏர்பேக் என்பது ஊதி வைத்த பலூன் இல்லை. மடித்து வைத்த துணிப் பைக்குப் பின்னால் ஒரு வெடிமருந்துக் குப்பி இருக்கிறது. மின்சாரத் தூண்டல் வந்ததும் மருந்து பற்றி, வாயு கிளம்பி, பை விரிகிறது. விரியும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வரைகூடப் போகும். முட்டியது தெரிந்து, முடிவெடுத்து, பை முழுசாக விரிவது வரை எல்லாமே ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முடிகிற வேலை. கண் சிமிட்ட அதைவிட நேரமாகும்.

முடிவெடுப்பது அந்தச் சின்னப் பெட்டி. முன் பம்பருக்குப் பின்னாலும் கதவுப் பக்கங்களிலும் இருக்கும் சென்சார்கள் அதற்குத் தகவல் அனுப்புகின்றன. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அது பார்ப்பது வண்டி எவ்வளவு வேகத்தில் போனது என்பதை மட்டும் அல்ல. அந்த வேகம் எவ்வளவு சட்டென்று குறைந்தது என்பதைத்தான்.

90-ல் போன கார் ரோட்டை விட்டு இறங்கி, பருத்திக் காட்டுக்குள் புகுந்து, நாற்பது ஐம்பது மீட்டர் உழுதுகொண்டே போய் நின்றால் வண்டி பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வேகம் நிதானமாகத்தான் குறைந்திருக்கிறது. ஏர்பேக் திறக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதே கார் 30-ல் போய் கான்கிரீட் சுவரில் நேராக மோதினால் திறக்கலாம்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: பெல்ட் போடாதவருக்கு, அசையாத சுவரில் மணிக்கு சுமார் 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே முன் ஏர்பேக் திறக்கும். பெல்ட் போட்டவருக்கு சுமார் 26. ஏன் இந்த வித்தியாசம்? அந்த வேகம் வரை பெல்ட்டே காப்பாற்றிவிடும், வெடி தேவையில்லை. இதெல்லாம் சுவர்க் கணக்கு. நிறுத்தி வைத்த இன்னொரு காரில் மோதினால் அதுவும் நசுங்கி வழிவிடும் என்பதால், அதே அடி விழ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் வேண்டும்.

அப்படியானால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா மோதலுக்கும் திறக்கிற மாதிரி வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அமெரிக்காவில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பித்தார்கள். 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக விபத்துகளில் ஏர்பேக் அடித்தே இறந்தவர்கள் 290-க்கும் மேல். அதில் குழந்தைகள் நிறைய. இங்கேயும் 2024-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், முன் சீட்டில் அம்மா மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஏர்பேக் விரிந்ததில் இறந்துபோனது. குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்கார்வது நம் ஊரில் பாசத்தின் அடையாளம். அந்தச் சீட்டுக்கு எதிரே இருப்பது வெடி என்று தெரிந்தும் யாரும் அப்படி உட்காரமாட்டார்கள்.

லாரியின் பின்பக்கம் என்ற தனிப் பிரச்னை

திருமங்கலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற ரோடு இது. கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரி, மில்லுக்குப் போகும் பஞ்சு பேல், கரும்பும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், நடுவில் பால்கோவா வாங்க ஓரம் கட்டும் டூரிஸ்ட் வேன் என எல்லாம் ஒரே தாரில். திருமங்கலம்–ராஜபாளையம் பகுதியை நான்குவழி ஆக்கும் வேலை ஒரு பக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் இதில் ஓட்டுபவர்களின் நிஜமான பயம், லைட் இல்லாமல் நிற்கும் ஒரு டிரெய்லர்.

அந்த மோதலில்தான் ஏர்பேக்கின் கணக்கு குழம்பும். காரின் பம்பரும் அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டமும் அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டவை. ஆனால் லாரியின் தளம் பானெட்டுக்கு மேல் உயரத்தில் இருந்தால் பம்பர் எதிலும் மோதாது. கார் அடியில் நழுவிப் போகும். முதலில் கிழிவது பானெட் தகடு, அடுத்து கண்ணாடி, அதை ஒட்டிய தூண்கள். பெட்டிக்கு வரும் சிக்னல் பலவீனமாக வரும், அல்லது லேட்டாக வரும். ஏர்பேக் திறக்காமல் போகலாம். திறந்தாலும், தலைக்கு நேரே வரும் லாரித் தளத்தை ஒரு துணிப் பை என்ன செய்யும்?

இதற்கு மருந்து காரில் இல்லை, லாரியில் இருக்கிறது. பின்னால் தாழ்வாகப் பொருத்தும் இரும்புத் தடுப்பும் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் டேப்பும்தான் அது. லாரிகளுக்குப் பின் தடுப்பு கட்டாயம் என்று விதியே இருக்கிறது. ரோட்டில் போகும்போது எத்தனை லாரியில் அது ஒழுங்காக, வளையாமல், சரியான உயரத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டிராக்டர் டிரெய்லர் பற்றிப் பேசவே வேண்டாம். கார் கம்பெனியைத் திட்டும் மெசேஜ்களில் பாதியை இந்த விஷயத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினால் நிறைய உயிர் மிஞ்சும்.

ரோட்டோரப் புளியமரமும் இதே ரகம்தான். காரின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே மரம் புகுந்தால், சட்டங்கள் தாங்குவதற்கு முன்பே மரம் இன்ஜின் வரை வந்துவிடும். பின்னாலிருந்து இடித்தால் முன் ஏர்பேக்குக்கு வேலையே இல்லை. உருண்டு கவிழ்ந்தால் அதற்கென சென்சாரும் கர்ட்டன் ஏர்பேக்கும் உள்ள மாடலாக இருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் வில்லங்கம்

இப்போது வண்டிக்காரர்களின் பங்கு. முதல் குற்றவாளி, முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டு. தென் மாவட்டங்களில் கட்சிக் கொடி கட்டிய வெள்ளை எஸ்யூவிக்கு இது நகை மாதிரி. மோதலின் அடி பம்பருக்குப் போகாமல் கார்டு வழியாக நேரே சேசிஸுக்குப் போகும். சென்சார் எதை எதிர்பார்த்து டியூன் செய்யப்பட்டதோ அந்த சிக்னலே வராது. நடந்துபோகிறவர் மீது இடித்தால் அவர் நிலைமை இன்னும் மோசம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அவ்வப்போது ரெய்டு நடக்கும், நாலு நாளில் மறுபடியும் கடை வாசலில் கார்டு தொங்கும்.

இரண்டாவது, பார்க்கச் சின்னதாகத் தெரியும் ஒரு பொருள். பெல்ட் போடாவிட்டால் கத்துகிற அலாரத்தை வாயடைக்க, பெல்ட் கொக்கியில் செருகும் டம்மி கிளிப். விலை பர்கரைவிடக் கம்மி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ உள்ளிட்ட ஐந்து தளங்கள் மீது உத்தரவு போட்டு, 13,118 கிளிப் விற்பனைப் பக்கங்களைத் தூக்க வைத்தது.

கிளிப் விஷயத்தில் எல்லாரும் சொல்வது 'பெல்ட் போடலைன்னா ஏர்பேக் திறக்காது' என்று. அது முழு உண்மை இல்லை, மாடலுக்கு மாடல் மாறும். உண்மை அதைவிட மோசம். மேலே சொன்ன 16-க்கும் 26-க்கும் திரும்பப் போங்கள். பெல்ட் போட்டவருக்கு ஒன்று, போடாதவருக்கு ஒன்று என இரண்டு கணக்கு வைத்திருக்கும் காரில் கிளிப்பைச் செருகினால், பெட்டி உங்களை பெல்ட் போட்டவர் என்றே நம்பும். பெல்ட் இல்லாத உடம்பு ஸ்டீயரிங்கில் மோதிக்கொண்டிருக்கும்போது, 'பெல்ட் தாங்கிக்கும், இன்னும் தேவைப்படல' என்று அது காத்திருக்கும். பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். பொய் சொன்னது நாம்.

ஸ்டீயரிங்கில் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதல் எழுத்துக்கு 'துணை' என்று அர்த்தம். யாருக்குத் துணை? பெல்ட்டுக்கு. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி இறந்த கார் சாதாரணக் கார் அல்ல, மெர்சிடிஸ். முன் சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் பிழைக்கவில்லை.

பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்துக்குள் இருக்கும் கார்களில் கெட்டியான ரெக்சின் கவரை இழுத்துத் தைத்துவிடுவது, ஸ்டீயரிங்கைக் கழற்றி வேறு மாட்டுவது, ஹாரன் ஒயரில் கைவைப்பது என்று லிஸ்ட் நீளும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும், அதே மாதத் தொடக்கத்தில் சென்னையிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. ஏர்பேக் பெட்டியும் சீட்டுக்கு அடியில் ஓடும் கனெக்டர்களும் தண்ணீர் முதலில் ஏறும் உயரத்தில்தான் இருக்கின்றன. பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. ஏற்கெனவே ஒருமுறை ஏர்பேக் திறந்த வண்டியில் புதுசு மாட்டாமல் மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்களும் உண்டு. 2024-ல் டெல்லி போலீஸ் பிடித்த ஒரு கும்பலிடம் பல பிராண்டுகளின் பெயரில் 900-க்கும் மேற்பட்ட போலி ஏர்பேக்குகள் இருந்தன.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில், உட்கார்ந்திருக்கும் ஆள் முன்னால் பந்து மாதிரி ஒரு சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையவே இல்லை என்றால் சிஸ்டத்தில் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும், யாரோ அந்த விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

கம்பெனி தப்பு செய்யாதா?

செய்யும். பெரிய அளவிலேயே செய்திருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் லூஸாக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் பட்டாலோ ஓடும் வண்டியில் சாவி பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும், கூடவே ஏர்பேக்குக்குப் போகும் கரன்ட்டும் போய்விடும். பிறகு மோதினால் பை விரியாது. கம்பெனிக்குள் சிலருக்கு இது பல வருடம் தெரிந்திருந்தும் 2014-ல்தான் ரீகால் வந்தது. சுமார் 26 லட்சம் கார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

இங்கே 2023 ஜனவரியில் மாருதி சுசுகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆல்ட்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா. காரணம் அதே பெட்டி. கோளாறு இருந்தால் அரிதாக ஏர்பேக்கும் பெல்ட்டை இறுக்கும் கருவியும் வேலை செய்யாமல் போகலாம் என்று கம்பெனியே சொன்னது. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் தயாரான வண்டிகள் அவை, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அது நல்ல விஷயம். கண்டுபிடிக்காத பேட்ச் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அதை முதலில் அறியப்போவது விபத்தில் சிக்கிய ஏதோ ஒரு குடும்பம்தான். அவர்களிடம் கம்பெனி சொல்லும் முதல் பதிலும் 'மோதல் போதுமான அளவு இல்லை' என்பதாகவே இருக்கும். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம், சால்ஜாப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வண்டிக்காரருக்கு வழி வேண்டும்.

இப்படி ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. 2015-ல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா. 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. முன்பக்கம் அடிபட்டும் ஏர்பேக் திறக்கவில்லை, ஓட்டியவருக்குத் தலை, மார்பு, பல் என்று காயம். முன் சென்சாரில் போதுமான விசையோடு அடிபட்டால்தான் திறக்கும் என்பது கம்பெனி வாதம். நுகர்வோர் ஆணையம் 3 லட்சம் ரூபாயும் மாற்று வண்டியும் கொடுக்கச் சொன்னது. 2022 ஏப்ரல் 20-ல் நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்தா போஸ் அமர்வு அதை உறுதி செய்தது. வேகம், விசை என்று கணக்குப் போட்டுப் பார்க்க கார் வாங்குபவர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு நியாயமானது. ஆனால் கொஞ்சம் சங்கடமானதும்கூட. முன்பக்கம் மோதினால் ஏர்பேக் திறக்கும் என்று வாங்கியவர் நினைப்பது இயல்பு, எப்போது திறக்காது என்று கம்பெனி சொல்லியிருக்க வேண்டும் என்பது சரியான வாதம். ஷோரூம் பேனரில் '6 ஏர்பேக்' என்று எட்டு அடிக்கு எழுதுகிறவர்கள், திறக்காத சூழ்நிலைகளை மேனுவலின் நடுப்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் அந்தக் காரில் அன்றைக்கு ஏர்பேக் திறந்திருக்க வேண்டுமா, ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தாலும் விடை கிடைக்காது. நிவாரணம் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. கோளாறு இருந்திருந்தால் அதே மாடல் ஓட்டும் மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டாமா?

அரசாங்கமும் எண்ணிக்கைக் கணக்கிலேயே நின்றுவிட்டது. 2019 ஜூலையில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், 2021-ல் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். இரண்டும் உருப்படியான முடிவு. 2022 ஜனவரியில் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று வரைவு வந்தது, தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் கட்டாயமாக்கப்போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். இரண்டா ஆறா என்று டிவியில் இரண்டு வருடம் பேசினோம். திறக்காதபோது யார் பதில் சொல்வது என்று பேசவில்லை.

பெட்டியின் சாவி

ஏர்பேக் பெட்டி பல கார்களில் விபத்துக்கு முந்தைய சுமார் ஐந்து நொடிகளைச் சேமிக்கிறது. வேகம், பிரேக் மிதித்தது, பெல்ட் நிலை, மோதலின் கடுமை, ஏர்பேக்குக்கு உத்தரவு போனதா இல்லையா என்பதெல்லாம் அதில் வரும். விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு இது சின்னத் தம்பி. அமெரிக்காவில் இந்தப் பதிவு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், அதைப் படிக்கும் கருவி வெளியில் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2015-ல் வந்த சட்டம் அந்தத் தகவல் வண்டி உரிமையாளருடையது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புது கார்களிலும் இந்தப் பதிவு கட்டாயம்.

இங்கேயும் அதே அளவு தெளிவான உரிமை வேண்டும். காயத்தோடு முடிந்த விபத்து என்றால், உரிமையாளர் கேட்டதும் அந்தப் பதிவின் நகலைக் கொடுப்பது கம்பெனியின் கடமை என்று எழுதிவைக்க வேண்டும். இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்தப் பெட்டி ஓட்டியவரைப் பற்றியும் உண்மை சொல்லும். 60 போக வேண்டிய இடத்தில் 115-ல் போனது, கிளிப் செருகியிருந்ததால் பதிவில் ஒன்றும் வண்டிக்குள் வேறொன்றுமாக இருந்தது எல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போலீஸுக்கும் தெரியவரும். இளந்தாரிகள் பலருக்கு அது பிடிக்காது. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி பெங்களூரிலிருந்து எட்டு மணி நேரத்தில் ராஜபாளையம் வந்தேன் என்று ஸ்டேட்டஸ் போடுபவருக்கு நிச்சயமாகப் பிடிக்காது. ஆனாலும் இந்த விலை கொடுக்கலாம். கம்பெனியிடம் உண்மை கேட்பவர் தன் பக்க உண்மையையும் மேசையில் வைக்கத்தான் வேண்டும்.

சட்டம் வரும் வரை செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஆள் பத்திரம் என்று உறுதியானதும் வண்டியை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுக்க வேண்டும், டாஷ்போர்டு விளக்கு உட்பட. வொர்க்‌ஷாப்பில் 'பெட்டியை மாத்திட்டோம் சார்' என்று சொல்வதற்கு முன்பே, பழையதைக் கழற்றவோ அழிக்கவோ கூடாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஏர்பேக் ஏன் திறக்கவில்லை என்ற விளக்கத்தை வாய்மொழியாக ஏற்காமல் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கேட்க வேண்டும்.

விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் அங்கேயே புகார் கொடுக்கலாம். ஷோரூம் மதுரையில் இருந்தாலும் பரவாயில்லை, 2019 சட்டப்படி புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரே போதும். வக்கீல் கட்டாயம் இல்லை. கெடு இரண்டு வருடம். சந்தேகம் இருந்தால் 1915-க்கு அடித்துக் கேட்கலாம். டெல்லி கிரெட்டா வழக்கு விபத்திலிருந்து கடைசித் தீர்ப்பு வரை நாலரை வருடம் இழுத்தது. பெட்டியில் இருப்பதை முதல் வாரமே இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து படித்திருந்தால் அதில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்பதை கார் கம்பெனிகளின் சட்டப் பிரிவுகளும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.